பசையில் கலர் ஏறாது

கங்காதரனை எங்கே வைத்து மடக்குவது என்று மூன்று வருடம் யோசித்தேன். கடைசியில் எனக்குக் கிடைத்தது ஒரு கதவின் நடுவே ஒரு சாண் இடம்.

அது புஷ்பலதா கே.ஜி.கண்டிகையில் கட்டியிருக்கும் புது வீட்டின் வாசல் கதவு. மேற்குப் பார்த்த கதவு. மத்தியானம் தொடங்கி பொழுது சாய்கிற வரை வெயில் அதன் மேல்தான் விழும். மழை வந்தால் சாரலும் அதன் மேல்தான். புஷ்பலதா அரக்கோணம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருப்பவர். ஆவணி முதல் முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம் வைத்திருந்தார். கதவை வாங்கி மாட்டிக் கொடுத்தவன் கங்காதரன் மேஸ்திரி. கதவுக்குக் கலர் போட வந்தவள் நான், சாயிரா. திருத்தணி பைபாஸ் ஓரம் பெயின்ட், வார்னிஷ், மரத்துக்குள் ஊறி நிறம் கொடுக்கும் ஸ்டெயின் விற்கிற சின்னக் கடை என்னுடையது.

இப்போது டப்பாக்கள் மட்டும்தான் விற்கிறேன். முன்பு அப்படியில்லை. மூன்று பேர் என்னிடம் வேலை பார்த்தார்கள். வாசல் கதவு, ஊஞ்சல், மாடிப்படிக் கைப்பிடி என்று நாங்களே போய்ப் போட்டுக் கொடுப்போம். மூன்று வருடம் முன்பு, ஜம்புலிங்கம் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்துக்கும் அப்படித்தான் போனோம். கதவு கங்காதரன் கொண்டுவந்தது. நான் ஸ்டெயின் போட்டு, மேலே வார்னிஷ் அடித்தேன். ஐப்பசி மழை முடிவதற்குள் கதவு பாம்புச் சட்டைபோல உரிந்தது.

கார்த்திகையில் முதல் கல்யாணம். ஜம்புலிங்கம் என்னைக் கூப்பிட்டு, மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் உரிந்ததையெல்லாம் சுரண்டு என்றார். நேரத்துக்குள் முடியவில்லை. மேளம் வந்துவிட்டது. நான் வாசற்படியில் மண்டியிட்டுச் சுரண்டிக்கொண்டே இருந்தேன். வந்தவர்கள் என் புடவைத் தலைப்பை மிதித்துக்கொண்டு உள்ளே போனார்கள். கங்காதரன் பன்னீர் தெளிக்கிற இடத்தில் நின்று எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"வளையல் கை வார்னிஷ் அடிச்சா இப்டித்தான் உரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஜம்புலிங்கமும் சிரித்தார். அந்தப் பேச்சு ஊரைச் சுற்றி என் கடைக்கே திரும்பி வந்தது. ஒரு கதவு வேலைகூட அதன்பிறகு வரவில்லை. மூன்று பேரும் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஆனால் மண்டியிட்ட அந்த ஒரு மணி நேரத்தில்தான் நான் உண்மையைப் பார்த்தேன். மரத்திலிருந்து உரிகிற வார்னிஷின் அடிப்பக்கம் சொரசொரப்பாக இருக்கும். மரத்தின் நார் கொஞ்சம் அதோடு பிய்ந்து வரும். என் கைக்கு வந்த பொருக்குகளின் அடிப்பக்கம் கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது. அடியில் இருந்தது மரமே இல்லை. கங்காதரன் மரத்தூளைப் பசையில் குழைத்து விரிசலிலும் பொத்தலிலும் அடைத்து, தேய்த்து, மேலே லேசாகக் கலர் பூசி வைத்திருந்தான். நான் அடித்த வார்னிஷ் அந்தப் பசையின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. மழையில் மரம் உப்பியபோது அது கழன்று வந்தது. இதைச் சொன்னேன். "எனக்கே மரம் சொல்லித் தரியா?" என்றான். யாரும் கேட்கவில்லை. ஒரு பிடிப் பொருக்கை அள்ளி பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன்.

ஜம்புலிங்கத்தின் தங்கை புஷ்பலதா வீடு கட்டுகிறார், கதவு வேலை கங்காதரனுக்கு என்று கேள்விப்பட்டபோது, அந்த வீட்டுக்குள் நுழைய வழி பார்த்தேன். வழி தானாகவே வந்தது. தோட்டத்தில் போடுகிற பெஞ்சுக்குக் கலர் வாங்க புஷ்பலதா என் கடைக்கு வந்தார். மூடியில் இருந்த படத்தைப் பார்த்து, தேன் நிறத்தில் ஒரு டப்பாவை எடுத்தார்.

"மேடம், மூடியப் பாத்து எடுக்காதீங்க. பெஞ்சு எங்க போடப் போறீங்க?"

"வெளியிலதான். கொய்யா மரத்துக்கிட்ட."

"அப்ப இது வேணாங்க. இது சாயம். தண்ணியில சக்கரை மாதிரி கரைஞ்சிருக்கும். மரத்துல சூப்பரா ஏறும், ஆனா வெயில் பட்டா மூணு மாசத்துல வெளுத்துடும். வீட்டுக்குள்ள மேசைக்குப் போடுங்க. வெளிய இருக்கறதுக்கு எண்ணெய்யில கலக்குனது வேணும். இதுல கலர் பொடியா இருக்கும். அந்தப் பொடி மரத்தோட சின்னச் சின்னத் தொளையில போய் உக்காந்து வெயில மறிக்கும், எண்ணெய் தண்ணிய மறிக்கும்."

"வார்னிஷ் அடிச்சா பளபளன்னு இருக்குமே?"

"இருக்குங்க. ஆனா அது மேல போத்துன போர்வை. வெளியில ஒரு இடம் கிழிஞ்சா தண்ணி உள்ள பூந்துக்கும். எண்ணெய் ஸ்டெயின் உரியாது, மங்கும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா துடைச்சிட்டு மேலயே இன்னொரு கை போட்டா போதும்."

இதைச் சொல்ல எனக்கு அலுப்பே வராது. பழி ஒரு பக்கம் இருக்கட்டும். மரம் குடிக்கிறதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். பெஞ்சை நானே போட்டுக் கொடுத்தேன், கூலி வாங்காமல். அதன் மேல் மழை பெய்து நீர் முத்து முத்தாக நின்றதைப் பார்த்த புஷ்பலதா, "வாசக் கதவும் நீயே போடு" என்றார்.

கதவு வந்து மாட்டிய அன்றே போய்ப் பார்த்தேன். முகம் முழுக்க ஒரே சீரான பழுப்பு. பூச்சி மருந்து பூசியிருப்பதாகக் கங்காதரன் சொல்லியிருந்தான். பக்கவாட்டில், கீல் இருக்கும் ஓரத்தில், பூச மறந்த விரற்கடை இடம் இருந்தது. அங்கே பசை வழிந்து காய்ந்திருந்தது. அதை ஒட்டி மரம் வெளுத்துத் தெரிந்தது. தேக்கின் நடுவில் இருப்பது வைரம். அதுதான் வெயிலும் மழையும் தாங்கும். பட்டைக்கு உள்ளே இருக்கிற வெள்ளையைப் பூச்சி தின்றுவிடும். இந்தக் கதவில் பாதிக்கு மேல் வெள்ளை.

அன்றைக்கே புஷ்பலதாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கங்காதரன் ஏதாவது சொல்லி, கமுக்கமாகக் கதவை மாற்றிவிட்டுப் போயிருப்பான். எனக்கு ஜம்புலிங்கம் எதிரில் வேண்டும். பத்து நாள் காத்திருந்தேன்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். ரோடு முழுக்கக் காவடி. பம்பைச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கங்காதரனின் ஆட்கள் எல்லாரும் திருத்தணி மலைக்குப் போய்விட்டார்கள். அவனும் மாலை போட்டு, மஞ்சள் வேட்டி கட்டியிருந்தான். மறுநாள் காவடி எடுக்கப் போகிறவன். ஜம்புலிங்கம் வீடு பார்க்க வருகிறார் என்று புஷ்பலதா போனில் சொன்னதால் அவனும் வந்து நின்றான்.

என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. "மேடம், இந்தம்மாவா? அண்ணன் மண்டபத்துல இன்னா ஆச்சின்னு தெரியுமில்ல?"

"பெஞ்சு நல்லா இருக்குது மேஸ்திரி," என்றார் புஷ்பலதா.

ஜம்புலிங்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என்னை ஒரு முறை பார்த்தார். "எந்தக் கலரு போடப் போற?"

"தேன் கலருங்க. எண்ணெய் ஸ்டெயின். ரேகை தெரியணும்."

"சார், அடர் சாக்லேட் போடலாம் சார்," என்று கங்காதரன் குறுக்கே வந்தான். "பெயின்ட் மாதிரி மூடிக்கும். அழுக்கு தெரியாது."

"தேக்குன்னு சொல்லித்தான வாங்கிக் குடுத்தே?" என்றார் புஷ்பலதா. "அத எதுக்கு மூடணும்?"

"தேக்குதான் மேடம். மாலை போட்டுகினு பொய் சொல்வேனா?"

அப்போது இளநீர் வெட்டிக் குடிக்க அண்ணனும் தங்கையும் பின்கட்டுக்குப் போனார்கள். நான் உப்புத்தாளை எடுத்தேன். கங்காதரன் கதவுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றான்.

"புதுக் கதவ ஏன் தேய்க்கற?"

"மேல பூசிக்கீறத எடுக்காம ஸ்டெயின் உள்ள போகாது. தெரியாதா மேஸ்திரி?"

அவன் குரல் இறங்கியது. "இதோ பாரு சாயிரா. அடர் கலரே போட்டுடு. அடுத்த மாசத்துலேருந்து என் கதவு எல்லாம் ஒன்கிட்டதான். மண்டபத்து விசயமும் அண்ணன்கிட்ட நானே சொல்றேன். கதவு செஞ்ச ஆசாரி பண்ண தப்புன்னு சொல்லிடறேன்."

மூன்று வருடம் நான் கேட்கக் காத்திருந்த பேச்சு அது. ஒரு நிமிஷம் கை நின்றது. அடர் கலர் போட்டால் இன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். ஐப்பசி வரும். பசையின் மேல் உட்கார்ந்த கலர் உரியும். அன்றைக்கு இவன் எங்கேயாவது நின்று மறுபடி வளையல் என்பான்.

"இப்பவே சொல்றியா? அவுங்க வந்ததும்? கலர் போடறதுக்கு முன்னாடி?"

அவன் பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"தெரியும்," என்றேன். "தள்ளு."

இருவரும் திரும்பி வந்தார்கள். "எந்தக் கலரா இருந்தாலும் மொதல்ல இதே கதவுல ஒரு சாண் போட்டுப் பாக்கணுங்க," என்று ஜம்புலிங்கத்திடம் சொன்னேன். "வேற துண்டுல போட்டா பொய். மரத்துக்கு மரம் மாறும்."

"நான் தேக்குத் துண்டு கொண்டாந்துகீறேன் சார். அதுல போடட்டும்," என்றான் கங்காதரன். நிஜமாகவே ஒரு துண்டைப் பையிலிருந்து எடுத்தான். நல்ல வைரம்.

"இதே கதவுலதான வெட்டுனது? அப்ப கதவுல போட்டாலும் அப்டித்தான வரும்?" என்றார் புஷ்பலதா.

"அப்ப அடியில, ஓரமா போடட்டும். நடுவுல போட்டா அசிங்கமாயிடும்," என்றான்.

"பூட்டு வர இடத்துல போடறேன்," என்றேன். "தகடு வந்து மறைச்சிடும்."

நடுப்பலகையில் ஒரு சாண் தேய்த்தேன். பழுப்பு தூளாக விழுந்தது. பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலால் தெளித்தேன். மரம் இருந்த இடம் நீரைக் குடித்து நிறம் கறுத்தது. பசை இருந்த இடத்தில் நீர் குடிக்காமல் உருண்டு வழிந்தது. காயும் வரை காத்திருந்தேன். பிறகு ஸ்டெயினை நன்றாகக் கலக்கினேன். பொடி அடியில் தங்கியிருந்தால் எல்லாக் கணக்கும் தப்பிவிடும். பனியன் துணியில் தொட்டு, ரேகையோடு இழுத்து, ஐந்து நிமிஷம் விட்டு, மிச்சத்தைத் துடைத்தேன்.

ஒரு சாண் இடத்தில் மூன்று கதவு தெரிந்தது. ஒரு பட்டை வைரம், தேன் நிறத்தில் ஜொலித்தது. பக்கத்தில் வெள்ளை, நோயாளி முகம்போல வெளிறிய மஞ்சள். நடுவில் வாய்க்கால்போலவும் புள்ளி புள்ளியாகவும் கலரே ஏறாத பசை. புள்ளிகள் பூச்சி துளைத்த பொத்தல்கள். அவற்றை விரலால் எண்ணினேன். பதினொன்று.

"இன்னாய்யா இது?" என்றார் ஜம்புலிங்கம்.

"சார், ஸ்டெயின் சரியில்ல. இந்தம்மா கை..."

அவன் கொண்டுவந்த தேக்குத் துண்டு இன்னும் அவன் கையில்தான் இருந்தது. அதை வாங்கினேன். அதே துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். துண்டு முழுக்க ஒரே தேன். ஜம்புலிங்கத்தின் மடியில் வைத்தேன். பிறகு என் பையிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்து பொருக்கை அவர் உள்ளங்கையில் கொட்டினேன்.

"ஒங்க மண்டபத்துக் கதவுல உரிஞ்சது. திருப்பிப் பாருங்க. மரத்துல ஒட்டியிருந்தா நார் இருக்கும். தடவுங்க."

அவர் கட்டைவிரலால் தடவினார். பொருக்கையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். மண்டப வாசலில் சிரித்த முகம் அது. இப்போது அந்த வாய் இறுகியிருந்தது. மனசுக்குள் நான் நன்றாகச் சிரித்தேன்.

"அந்த ஒரு எடந்தான் சார் அப்டி," என்றான் கங்காதரன். "ஆசாரி பண்ண வேலை. ஆளுங்க மலைலேருந்து வரட்டும், நாளான்னிக்குச் சரி பண்ணிடறேன்."

"ஆளுங்க எதுக்கு?" ஜம்புலிங்கம் நாற்காலியைக் கதவுக்கு நேராக இழுத்துப் போட்டார். "நீயே தேய். மொத்தக் கதவும் தேய். எவ்ளோ மரம், எவ்ளோ பசைன்னு நான் உக்காந்து பாக்கறேன். அப்புறம் மண்டபத்துக்குப் போலாம், அங்கயும் தேய்க்கலாம்."

கங்காதரன் மேல்பலகையில் தொடங்கினான். நின்றபடி தேய்த்தான். தூள் மாலையில் படிந்தது. ரோட்டில் தண்ணீர் குடிக்க ஒதுங்கிய காவடிக்காரர்கள் கேட்டருகே நின்று வேடிக்கை பார்த்தார்கள். "இன்னா மேஸ்திரி, ஆளு கெடைக்கலியா?" என்று தெரிந்தவன் ஒருவன் கத்தினான். கங்காதரன் திரும்பாமல் தேய்த்தான்.

புஷ்பலதா என் பக்கத்தில் வந்து நின்றார். டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இருபது வருஷம் ஜனங்களின் பொய்யைக் கேட்டவர்.

"கதவு வந்த அன்னிக்கே ஓரத்தத் தடவிப் பாத்துகினு நின்னியே. அப்பவே தெரியுமா ஒனக்கு?"

"தெரியுங்க."

"பத்து நாளு. சொல்லியிருந்தா ஆவணிக்குள்ள வேற கதவு வந்திருக்கும்."

"வந்திருக்குங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பெஞ்சுக்குக் கிடைத்த பாராட்டு எதுவும் மிச்சமில்லை. இந்த வீட்டுக் கதவு இனி எனக்குக் கிடைக்காது என்று புரிந்தது. அதில் கொஞ்சம் வலித்தது. ஆனால் மறுபடி அந்தப் பத்து நாள் வந்தால், மறுபடியும் காத்திருப்பேன்.

மேல்பலகை முடிந்தது. கீழ்ப்பலகைக்கு நின்றுகொண்டு தேய்க்க முடியாது. கங்காதரன் ஒரு முறை ஜம்புலிங்கத்தைப் பார்த்தான். பிறகு மஞ்சள் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு வாசற்படியில் மண்டியிட்டான். கேட்டில் நின்றவர்கள் இப்போது சிரித்தார்கள். உப்புத்தாள் ரேகைக்குக் குறுக்கே ஓடியது.

நான் குனிந்து, அவன் காதருகே வளையல் குலுங்க, பலகையைத் தொட்டுக் காட்டினேன்.

"ரேகை போற பக்கமா தேய்ங்க, மேஸ்திரி. குறுக்கத் தேய்ச்சா கீறல் நிக்கும். ஸ்டெயின் போட்டா தெரிஞ்சிடும்."