நபிர்யே ஜெயித்த வழக்கு

சட்டப் படிப்பின் நோக்கமே, எந்தப் பக்கம் கிடைத்தாலும் வாதாடக் கற்பதுதான் என்பார் பேராசிரியர் கிசுலே. மாதிரி வழக்கில் மாணவி நபிர்யேவுக்குக் கிடைத்தது, ஏரிக்கரை மீனவர்களைக் காலி செய்யச் சொல்லும் கம்பெனியின் பக்கம். தகரக் குடிசை எத்தனை வருஷம் நின்றாலும் பட்டா ஆகிவிடாது என்று பிள்ளை பிளந்து கட்டினாள், வகுப்பே கைதட்டியது.

நடுவராக வந்திருந்த பெரிய வக்கீல் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதம்மா! நிஜ வழக்குல நாங்க முட்டிக்கிட்டு நின்ன இடத்தை நீ தாண்டிட்டே. திங்கக்கிழமை கோர்ட்டுல இதையே வெக்கிறேன்."

"நிஜ வழக்கா? எந்தக் கரை சார்?"

"கசேரா."

அந்த மணலில்தான் அவள் அம்மா இந்நேரம் வெள்ளிமீன் காயப்போட்டுக்கொண்டிருப்பாள்.

"என்னம்மா, கை இப்படிச் சில்லிட்டுப்போச்சு?" என்றார் வக்கீல், பிடியை விடாமலே.