ஐம்பது வாளி

பிள்ளை பெற்றபின் ஏறிய உடம்பு இறங்கவில்லை என்று குவைத்திலிருந்து தினமும் தவமணியைக் கரித்துக்கொட்டினான் அவள் கணவன் நிலவழகன்.

"ஜிம்மு எதுக்கு? தண்ணி எறைச்சாலே கொழுப்பு கரையும்" என்று கிணற்று மோட்டாரைக் கழற்றித் தன் தம்பிக்குக் கொடுக்க வைத்தான். காலையில் ஐம்பது வாளி. போனைக் கிணற்றுச் சுவரில் சாய்த்து வைத்து அவள் இறைக்க வேண்டும். அங்கிருந்து அவன் வீடியோ காலில் பார்த்து எண்ணுவான். கொஞ்சம் நின்றாலும், "ஏமாத்தாதடி!" என்பான்.

இரண்டு வருஷத்தில் அவள் உடம்பு வற்றியது, உள்ளங்கை காய்த்துப்போனது.

லீவுக்குப் பொன்னமராவதி வந்தவனுக்கு முன்னால் அவன் தொப்பைதான் வாசலுக்குள் நுழைந்தது.

"குளிக்கணும். தண்ணி எறைச்சு வை."

கயிற்றையும் வாளியையும் அவன் காலடியில் போட்டாள் தவமணி.

"எனக்குத்தான் கரைஞ்சிருச்சே. நீங்க எறைங்க."

முறைத்துக்கொண்டே இறைத்தவன் ஏழாவது வாளியில் மூச்சிரைத்துச் சுவரைப் பிடித்தான். அவள் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இன்னும் நாப்பத்து மூணு இருக்கு. ஏமாத்தாதீங்க."