ஏறாத கோடு

தைத்து முடித்த வெள்ளைக் கோட்டுகளைத் தங்கை வேலை பார்க்கும் ஆய்வகத்து மேசையில் அடுக்கிவிட்டு, அக்கா பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள். ஒரு விரலில் மட்டும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"பாருடி சின்னு. பட்டன் எல்லாம் கையாலேயே தைச்சேன்."

சின்னவள் பார்த்தாள். போன வருடம் இதே விரல்களால் காலையில் ஒரு பாட்டில் மூடியைத் திறக்க முடியாது. மூட்டுவாதம். உடம்பைக் காக்க வேண்டிய ரத்தத்து வெள்ளை அணுக்களே மூட்டுகளின் மேல் பாய்ந்து அவற்றை வீங்கவைக்கும் நோய். இப்போது வீக்கம் வடிந்திருந்தது. மாத்திரையைக் குறைத்தும் வலி வரவில்லை என்று அக்கா தையல் கடைக்கு வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆய்வகத்தில் அன்று வேறு கவலை. அந்த வெள்ளை அணுக்கள் எவ்வளவு ஆக்ஸிஜனை இழுக்கின்றன என்று அளக்கும் இயந்திரம் பழுதாகி, முந்தின நாள்தான் சரியாகியிருந்தது. ஓட்டிப் பார்க்க யாராவது ரத்தம் கொடுக்க வேண்டும். அங்கே வேலை செய்பவர்களே முறைவைத்துக் கொடுப்பது வழக்கம். அன்றைய முறை சின்னவளுடையது. அவளுக்கோ சளி பிடித்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் எடுத்தால் அணுக்கள் ஏற்கெனவே சண்டைக்கோலத்தில் இருக்கும். அளவு தப்பாக வரும்.

"என்னோடதை எடுத்துக்கயேன்" என்றாள் அக்கா.

"நீ நோயாளிக்கா."

"யாருடி நோயாளி? மூக்கு உனக்கு ஒழுகுதா, எனக்கா?"

இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர் சிரித்தார். எல்லாருக்கும் அவர் மெஷின் அண்ணன்; வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "எடும்மா. கணக்குல சேர்க்கப் போறதில்லையே. மெஷின் மூச்சு விடுதான்னு பாக்கத்தானே."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சின்னவளுக்கு வாய் வரவில்லை. அக்காவின் முழுக்கையை மடித்துவிட்டாள். ரப்பர் பட்டையை வழக்கத்தைவிட இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. கை அவ்வளவு மெலிந்திருந்தது. அது கண்ணில் பட்டது, மனசில் படவில்லை.

மதியத்துக்கு மேல் திரையில் கோடு வந்தது.

அணுக்களுக்குள்ளே மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டி அடுப்புகள் இருக்கின்றன. சாப்பிட்டதை எரித்துச் சக்தியாக்குவது அவைதான். சும்மா இருக்கும்போது அவை சிறு தீயில் எரியும். பிறகு ஒரு ரசாயனத்தை விட்டு அவற்றை முழு வேகத்தில் எரியவிட வேண்டும். கோடு விருட்டென்று மேலே ஏறும். கிருமி வந்தால் எடுத்துச் செலவழிக்க உடம்பிடம் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்பது அந்த ஏற்றத்தில் தெரியும்.

ரசாயனம் விட்டாயிற்று. கோடு ஏறவில்லை. விரித்த பாய் போலக் கிடந்தது.

"ரிப்பேர்காரன் நம்ம காதுல பூ சுத்திட்டுப் போயிட்டான்" என்றார் மெஷின் அண்ணன். "இரு, என்னோடதை எடு."

அவருடைய ரத்தத்தையும் மீதமிருந்த அக்காவின் ரத்தத்தையும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஓட்டினார்கள். அவருடைய கோடு ஏறியது.

"பாரு, இந்த வயசிலயும் என்ன குதி குதிக்குது!" என்றவர், பக்கத்தில் அக்காவின் கோடு மறுபடியும் படுத்தே கிடப்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

சின்னவள் தட்டைக் கழிவுப்பெட்டியில் போட்டாள். கையுறையைக் கழற்றினாள். கையைக் கழுவினாள். ரப்பர் பட்டை நினைவுக்கு வந்தது.

கூடவே இன்னொன்றும் வந்தது. போன வருடம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள்தான் சொன்னாள்: பட்டினி போட்டால் இந்த அணுக்கள் அடங்கிவிடுகின்றன, இன்றைக்கு நேரிலேயே பார்த்தேன் என்று. வேலையிடத்துப் பேச்சாகச் சொன்னது. அக்கா அன்று மறுபடி பரிமாறிக்கொள்ளவில்லை.

வீட்டில் இருப்பது இரண்டு பேர்தான். ஒருத்தி கடைக்கும் ஒருத்தி ஆய்வகத்துக்கும் போய்விட்டால், யார் என்ன சாப்பிட்டார்கள் என்று யார் பார்ப்பது?

அன்று சாயங்காலம் வீட்டில் அக்கா தையல் மெஷினில் குனிந்திருந்தாள்.

"என்னக்கா சாப்பிட்ட?"

"கடையிலேயே ஆச்சு."

"என்னன்னு கேட்டேன்."

"ஆப்பிள்."

"நேத்து?"

"நேத்தும் ஆப்பிள்தான். நீ என்ன போலீஸா?"

"விரல்ல என்ன பிளாஸ்திரி?"

அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஊசி ஏறிடுச்சுடி. வாரத்துக்கு மேல ஆச்சு. கொஞ்சமாச்சும் வீங்கியிருக்கா பாரு! முன்னல்லாம் சும்மா இடிச்சாலே பூரிச்சுக்கும்."

பிளாஸ்திரியைப் பிரித்தாள். ஊசி ஏறிய துளை மூடவே இல்லை. ஓரம் வெளுத்து, உள்ளே நீர் கசிந்துகொண்டிருந்தது. சிவப்பு இல்லை, சூடு இல்லை.

சின்னவளுக்கு அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. ஆய்வு முடிவை வாசிக்கிற குரல்தான் வந்தது.

"உன் அணுக்கள் அடங்கலக்கா. எழுந்திருக்க அதுங்களுக்குத் தெம்பில்ல."

"நீதானடி சொன்ன, பட்டினி போட்டா அடங்கும்னு?"

"நான் பார்த்தது ஒரு நாள் பட்டினி. மாசக்கணக்கா இல்ல."

"ஒரு நாளைக்கே அவ்வளவு கேட்குதுன்னா…" அக்கா முடிக்கவில்லை. துணியை மடித்தாள், பிரித்தாள். "சாப்பிட்டா வலி திரும்ப வந்துரும் சின்னு. நான் சாப்பிட்டும் பார்த்துட்டேன், சாப்பிடாமலும் பார்த்துட்டேன். கை போனா எனக்கு வேற என்ன இருக்கு?"

"சாப்பிடலன்னா முதல்ல இந்த விரல் போகும்."

அக்கா எழுந்து உள்ளே போனாள். மெஷினின் சின்ன விளக்கு மட்டும் அணைக்காமல் எரிந்தது.

மறுநாள், அக்காவுக்கு மூட்டு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா புண்ணைச் சுத்தம் செய்தார். எடை பார்த்தார். எடை முள்ளைப் பார்த்ததும் அக்காவைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினார். புண்ணுக்கு மருந்து எழுதினார். சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும், காய்ந்த உடம்பில் ஒரேயடியாகக் கொட்டினால் தாங்காது என்றார். மூட்டுக்கான மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அமுக்கும் மாத்திரை. புண் ஆறும்வரை அதைத் தொடக் கூடாது.

"அதுவரைக்கும் கை?" என்றாள் அக்கா.

"வலிக்கும்மா. பொறுத்துக்கணும்."

அக்கா பாலையும் முட்டையையும் யாரோ தண்டனை கொடுத்ததுபோல விழுங்கினாள். சின்னவள் எதிரே உட்கார்ந்து, தட்டு காலியாகும்வரை எழுந்திருக்க மாட்டாள். சொன்னபடியே வலி வந்தது. முதலில் கட்டைவிரல், பிறகு மணிக்கட்டு. அக்கா கடையைப் பூட்டி வைத்தாள். ஆய்வகத்துக்குத் தர வேண்டிய கடைசிக் கோட்டு பட்டன் இல்லாமல் வீட்டு மெஷின் மேல் கிடந்தது.

ஒரு நாள் காலை அக்கா கூப்பிட்டாள். ஊசி ஏறிய விரலை நீட்டினாள். புண்ணின் ஓரம் சிவந்திருந்தது. தொட்டால் சுட்டது. உள்ளே இளஞ்சிவப்பாகப் புதுச் சதை எட்டிப் பார்த்தது. உடனே டாக்டரம்மாவிடம் ஓடினார்கள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் உடம்பு வேலையை ஆரம்பிச்சிருக்கு" என்றார்.

வீடு திரும்பியதும் அக்கா நாற்காலியில் சாய்ந்தாள்.

"வலிக்குதுடி."

"தெரியும்."

"உனக்குச் சந்தோஷமா இருக்கும்."

சின்னவள் தனக்குள் தேடிப் பார்த்தாள். சந்தோஷம் என்று எதுவும் கையில் அகப்படவில்லை. எழுந்து போய்ப் பால் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, டம்ளரில் ஊற்றி அக்காவின் முன்னால் வைத்தாள். பிறகு பட்டன் இல்லாத அந்த வெள்ளைக் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்தாள். முதல் பட்டனைத் தைத்து முடித்துத் தூக்கிக் காட்டினாள்.

அக்கா உற்றுப் பார்த்தாள்.

"அடியே, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து வச்சுத் தைச்சிருக்க. இதுக்குள்ள எவ நுழைவா?"

சின்னவள் திருப்பிப் பார்த்தாள். ஆமாம்.

"பிரிச்சுடறேன். நீ முதல்ல பாலைக் குடி."

அக்கா இரண்டு கைகளாலும் டம்ளரைப் பிடித்துத் தூக்கினாள்.