காலிக் குழாயில் ஒரு முகடு

1.

நான் ஒரு குழாயை உடைத்தேன், அதை யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கதை அங்கிருந்துதான் வருகிறது. கதை என்றாலே பொய்தானே என்று எனக்காக யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம். இது அந்த வகைப் பொய் இல்லை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: “திரவ நைட்ரஜனின் வெண்புகை தரையில் தவழ்ந்த அந்தக் காலையில் அவள் தன்”

அடித்துவிட்டேன். புகையை அழகு என்பவர்கள் அதில் விரல் சுட்டுக்கொள்ளாதவர்கள். ‘அவள்’ என்று எழுதியதும் ஒளிந்துகொள்ளத்தான். நான்தான் அது.

2.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இரும்பு உள்ள புரதத்தை, குவார்ட்ஸ் என்கிற தூய கண்ணாடியில் செய்த மெல்லிய குழாயில் ஊற்றி, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, பெரிய காந்தத்தின் நடுவே இறக்குவோம். இரும்பில் ஜோடி சேராத எலெக்ட்ரான் இருந்தால், காந்தப்புலம் சரியான அளவை எட்டும்போது அது நாங்கள் உள்ளே செலுத்தும் நுண்ணலையை விழுங்கும். தாளில் கோடு எழும்பி விழும், அதுதான் முகடு. எந்த இடத்தில் எழும்புகிறது என்று பார்த்து, இரும்பைச் சுற்றி என்ன இருக்கிறது என்று ஊகிப்போம். இந்த முறைக்கு எலெக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு என்று பெயர்.

அப்பா லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். “இருவது வருஷமா நானும் இரும்போடதான் கெடக்குறேன், எனக்கு ஒருத்தனும் பட்டம் தரலையே” என்பார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

3.

கருவிக்கு மேலே ஒரு கரும்பலகை உண்டு. குவார்ட்ஸ் குழாயை உடைத்தவர் தன் பெயரைத் தானே அதில் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது. அந்த ஆய்வுக்கூடத்தின் பழக்கம் அது. பதினொரு பெயர்கள் இருந்தன. டாக்டர் மகன் ஒருவன் தன் பெயருக்குப் பக்கத்தில் சிரிக்கிற முகம் வரைந்திருந்தான். அவனுக்கு அது விளையாட்டு.

நான் சேர்ந்து இருபத்து மூன்றாம் நாள் குழாய் உடைந்தது. உறைந்த மாதிரியை அவசரமாகச் சூடாக்கினேன், குழாய் நீளவாக்கில் விரிசல் விட்டுவிட்டது. பலகையில் என் பெயர் சிரிப்போடு இருக்காது. “இதுங்களையெல்லாம் உள்ள விட்டா இப்படித்தான்” என்ற வாக்கியத்தோடு இருக்கும். அந்த வாக்கியத்தை யாரும் என்னிடம் சொன்னதில்லை.*

* இதைப் பிறகு நிறைய யோசித்தேன். சொல்லாத வாக்கியத்துக்குப் பயந்துதான் எல்லாம் செய்தேன். கோபம் மட்டும் இன்னும் போகவில்லை.

4.

உடைந்தது தெரியாமல் அதன் இடத்தில் வைக்க ஒரு குழாய் வேண்டும் என்று கண்ணாடி ஊதுகிறவரிடம் போனேன். முதல் வரைவில் பழியை இவர்மேல் போட்டிருந்தேன். ‘விவரம் தெரியாத மனிதர், தவறான கண்ணாடியில் செய்து கொடுத்துவிட்டார்’ என்று. வாசிக்க நன்றாகவே இருந்தது. நடந்தது இது:

“இது குவார்ட்ஸும்மா. இதை உருக்க என் அடுப்புக்குச் சூடு பத்தாது. சாதாக் கண்ணாடிலதான் செய்ய முடியும்.”

“பாக்க ஒரே மாதிரி இருந்தா போதும்ண்ணே.”

“பாக்கவா, வேலைக்கா?”

“ரெண்டுக்கும்தான்.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஊத ஆரம்பித்தார். சாதாக் கண்ணாடிக்குள்ளேயே இரும்பு உண்டு. மணலோடு வருவது. அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

5.

அடுத்த மாதம், எங்கள் புரதத்தில் முகடு எழுந்தது. அது எழுந்த இடத்தைச் சொல்லும் எண் நாலு புள்ளி மூன்று. சார் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் என் ஆய்வு வழிகாட்டி. அதுவரை என்னை ‘ஏம்மா’ என்றுதான் கூப்பிடுவார், பெயர் சொன்னதில்லை.

“புது இரும்பு இடம். இதுவரைக்கும் யாருமே பாக்கல. புரதம் இல்லாம வெறும் கரைசலை வெச்சுப் பாத்தியா?”

“பாத்தேன் சார். ஒண்ணும் வரல.”

பொய் இல்லை. புரதத்தை ஒரு குழாயிலும் வெறும் கரைசலை இன்னொன்றிலும் வைத்து ஓட்டினேன், நேரம் மிச்சம் என்று. வெறும் கரைசல் இருந்தது உண்மையான குவார்ட்ஸில். புரதம் இருந்தது என் குழாயில். முகடு எழுந்தது புரதத்திலிருந்து அல்ல, கண்ணாடியிலிருந்து.

கட்டுரை வெளியானது. அன்று சார் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

6.

ஒரு வருடம் கழித்து, கருவியைச் சரிபார்க்க அந்தக் குழாயைக் காலியாக இறக்கினேன். அதே முகடு. அதே உயரம். நாற்காலியில் உட்கார்ந்து

இங்கே ஒரு பத்தி அழுகை எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். நான் அழவில்லை. குழாயைப் பஞ்சில் சுற்றி இழுப்பறையில் வைத்தேன், வீட்டுக்குப் போனேன். அலமாரிக் கதவில் அந்த வரைபடத்தை அம்மா ஒட்டி வைத்திருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். வருகிறவர்களிடமெல்லாம் முகட்டைத் தொட்டுக் காட்டுவாள்: “இந்தா, இந்த மேடுதான் எம் பொண்ணு கண்டுபிடிச்சது.”

7.

இனி பொடிசு. எனக்கு இரண்டு வருடம் இளையவள், அதே ஆய்வைத் தொடர வந்தவள், மரம் அறுக்கிறவர் மகள். இவளை இன்னும் கொஞ்சம் சோம்பேறியாகப் படைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். முடியவில்லை. அவள் கை என் கையைவிடச் சுத்தம். எட்டு மாதமாகப் புரதம் எடுக்கிறாள், முகடு வரவில்லை. அவளிடம் இருப்பது குவார்ட்ஸ். வராது.

போன வாரம் எல்லோர் முன்னாலும் சார் சொன்னார்: “அவளுக்கு வந்துச்சு, உனக்கு ஏன் வரல? புரதத்தைக் கொன்னுட்டுதான் கொண்டு வர்ற. இந்த மாசம் பாப்பேன். அப்புறம் நீ கெளம்பலாம்.”

பொடிசு வெளியே வந்து என்னிடம் கேட்டாள்: “நான் என்னக்கா தப்பு பண்றேன்?”

“ஒண்ணும் பண்ணல.”

“சும்மா சொல்லாதீங்க. நீங்க பண்ணின மாதிரியே எழுத்துக்கு எழுத்துப் பண்றேன். எங்கப்பா ஊரெல்லாம் டாக்டர் டாக்டர்னு சொல்லி வெச்சிருக்காரு, ஊசி போட வந்துடுவாங்க போல.” சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

எனக்கு அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. தேறினால் பட்டம்.

8.

முடிவுகள்:

அ. நான் சாரிடம் சொல்கிறேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறார்கள். பட்டம் போகிறது. பொடிசு தப்பிக்கிறாள். (மூன்று முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் என் கைகள் சாரின் கதவைத் தட்டுவதற்கு முன் வாக்கியம்)

ஆ. நான் சொல்லவில்லை. பொடிசு போகிறாள். மரப்பட்டறையில் கணக்கு எழுத உட்காருகிறாள். (நன்றாக எழுத வந்தது. அதனாலேயே கிழித்தேன்.)

இ. இதை நான் எழுதவில்லை, செய்துவிட்டேன். இன்று காலை என் குழாயை இழுப்பறையிலிருந்து எடுத்துப் பொடிசின் தாங்கியில், அவள் குழாய் இருந்த இடத்தில் செருகினேன். உதவி என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். இதில் இரண்டு பேரும் பிழைக்கிறோம், இரண்டு பேரும் ஒரே பொய்யைத் தின்று.

9.

கருவி அறைக்கு வெளியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கதவு திறக்கிறது. பொடிசு கையில் தாளோடு நிற்கிறாள்.

“அக்கா, வந்துருச்சு. நாலு புள்ளி மூணு. அச்சு அசல் உங்களது மாதிரியே.”

நான் தாளை வாங்குகிறேன். கதவு வழியே பலகை தெரிகிறது. பதினொரு பெயர்கள், அடியில் இடம் இருக்கிறது.

அவள் உடனே துள்ளவில்லை. முகட்டையே பார்க்கிறாள்.

“எட்டு மாசமா வராதது இன்னைக்கு ஏன்க்கா வருது? இதே குழாயைக் கழுவிக் காலியா ஒரு தடவை ஓட்டிப் பாத்துடவா? இருவது நிமிஷந்தான் ஆகும். நீங்க வேணாம்னா விட்டுடறேன்.”

நான் சொல்ல வேண்டியது:

[                    ]

அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் போதும். எனக்கு வரவில்லை, நீங்கள் எழுதுங்கள். என் அம்மாவின் அலமாரியையும் அவள் அப்பாவின் பட்டறையையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவள் குழாயைக் கையில் பிடித்தபடி நிற்கிறாள்.