அறுபத்தோரு நாள் ஓடிய கப்பல்

கப்பலா, செயற்கைக்கோளா என்ற கேள்வி என் மேசைக்கு வந்தபோது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்தான். நிதித்துறையில் இருபத்தாறு வருடமாக மற்றவர்களின் ஆசைகளை வெட்டிப் பிழைக்கிறவன் நான். இரண்டு பெரிய ஆசைகள் தாமாகவே மோதிக்கொண்டால் நமக்குப் பாதி வேலை மிச்சம்.

வானிலைச் செயற்கைக்கோளின் ஆயுள் முடியப்போகிறது, புதிது அனுப்ப வேண்டும். கடல் ஆய்வுக் கப்பலுக்கோ என்ஜினையே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் விற்றுவிட வேண்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் அரசிடம் பணம். எதற்கு என்று குறிப்பு எழுத வேண்டியவன் நான். அந்தக் கப்பலின் ஆய்வுக்குழுத் தலைவி என் தங்கை.

செயலாளரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். "அதனால என்ன? உங்கள பத்தி எனக்குத் தெரியாதா?" என்றார்.

அவருக்குத் தெரியும்தான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நான் அந்த மூடியைத் தேடிக்கொண்டே காலம் தள்ளியவன். போன வருடம் கப்பலின் டீசல் கோப்பு என்னிடம் வந்தது. வேறு யாருடையது என்றாலும் ஒரு கேள்வி, இரண்டு நாள், கையெழுத்து. தங்கைக்குச் சலுகை காட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அதை மட்டும் கேள்வி எழுதித் திருப்பினேன். பதில் வந்தது. இன்னொரு கேள்வி எழுதினேன். இப்படியே ஐந்து மாதம். டீசல் இல்லாமல் கப்பல் கரையிலேயே நிற்க, கடல் அமைதியாக இருக்கும் பருவம் போய்விட்டது. அவள் ஒருமுறைகூட எனக்குப் போன் செய்யவில்லை. எவ்வளவு நேர்மையான குடும்பம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

குறிப்பில் ஒரு வரி எழுதினேன்: 'கடந்த ஆண்டில் கப்பல் கடலில் இருந்தது அறுபத்தோரு நாட்கள் மட்டுமே.' ஏன் அறுபத்தொன்று என்பது எழுதும்போது ஞாபகம் வரவில்லையா என்றால், வந்தது. எண் சரிதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். காலைக் கட்டிப்போட்டுவிட்டு ஓடவில்லை என்று எழுதுகிறவனுக்கும் ஒரு சமாதானம் கிடைத்துவிடுகிறது.

கூட்டத்தில் செயற்கைக்கோள்காரர் நியாயமாகவே பேசினார். "மேலேர்ந்து பாத்தா எங்களுக்குக் கடலோட தோல்தான் சார் தெரியும். அடியில எவ்வளவு சூடு இருக்குன்னு கப்பல் போய் அளந்தாதான் புயலோட பலம் புரியும். எங்களுக்கு செயற்கைக்கோள் வேணும். அதுக்காக கப்பல விக்காதீங்க."

செயலாளர் தலையாட்டிவிட்டு என் குறிப்பைப் புரட்டினார். நேராக அந்த வரியில் விரலை வைத்து என் தங்கையைப் பார்த்தார்.

"இருபது வருஷமா விடாம அளக்கறோம்னு சொல்றீங்க. போன வருஷம் அறுபத்தோரு நாள்தானே போயிருக்கீங்க. ஏன்?"

மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்த அவள் தன் முன்னாலிருந்த கோப்பைத் திறந்தாள். மேலேயே இருந்தன நான் எழுதிய கேள்விகள், தேதியோடு, கையெழுத்தோடு. தலைகீழாகப் பார்த்தும் என் கையெழுத்து எனக்குத் தெரிந்தது. அவள் கோப்பை மூடினாள்.

"திட்டமிடறதுல..." என்று நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். டம்ளரை வைத்தாள். "எங்க பக்கம்... ஏதாவது குறை... இருந்திருக்கலாம் சார்."

எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, நிம்மதி. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வதில் அர்த்தமில்லை. வெட்கம் அதன் பின்னாலேயே வந்தது, வந்ததும் போகவில்லை.

கப்பலை விற்பதென்று முடிவானது. தேநீருக்காக எல்லாரும் எழுந்தபோது தாழ்வாரத்தில் அவளைப் பிடித்தேன்.

"ஏம்மா உண்மைய சொல்லல? கோப்பு உங்கிட்டதானே இருந்துச்சு? என்னைக் காப்பாத்தணும்னு யாரு கேட்டா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"காப்பாத்தலாம்னு இல்லண்ணா. நீயே சொல்லுவேன்னு நெனச்சேன். அதுக்குத்தான் அவ்வளவு மெதுவா பேசினேன்."

கையிலிருந்த குறிப்பின் நகலை இரண்டாக மடித்தேன்.

"இன்னும் கையெழுத்தாகல," என்றாள். "அவரு உள்ளதான் இருக்காரு."

கதவு திறந்தே இருந்தது. உள்ளே போனேன். செயலாளர் பேனாவை எடுத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"சொந்தத் தங்கச்சின்னுகூட பாக்காம எழுதியிருக்கீங்க. உங்கள மாதிரி பத்து பேர் இருந்தா போதும்."

பின்னால் அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியும்.

"நன்றி சார்," என்றேன்.