வைத்தியநாதன் கூப்பிட்ட கடல்

1988 ஓகஸ்ட் மாதத்திலிருந்து லண்டன் வால்தம்ஸ்டோவில் வைத்தியநாதன் வீட்டு முன்னறைக்கு அத்திலாந்திக் கடல் நாளுக்கு இரண்டு தரம் வந்து போகிறது. பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. மாடிப்படியில் மூன்றாம் படி வரை ஏறும். போகும்போது சோபாவுக்கடியில் ஒரு நண்டையோ கொஞ்சம் பாசியையோ விட்டுவிட்டுப் போகும்.

குற்றமெல்லாம் வைத்தியநாதனின் வாயில்தான். கண்டவரையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிடுவது அந்த மனிசனின் பழக்கம். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், கோயிலில் செருப்புத் தேடியவர், ஊரிலிருந்து புதிதாய் வந்து இறங்கியவர் என்று முன்னறையில் எப்போதும் நாலு பேர் படுத்திருப்பார்கள். கலியாணம் கட்டி ஒன்பது வருடத்தில் தவமலர் புருசனோடு தனியே இருந்து ஒரு தேத்தண்ணி குடித்ததில்லை. அந்த ஒரு தேத்தண்ணிக்காகத்தான் அயர்லாந்துக் கரையைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். இரண்டு பேர் மட்டும் என்று சத்தியமும் வாங்கினாள்.

இரண்டு பேராகத்தான் போனார்கள். காலையில் செம்மறி மேய்த்த கிழவரை வைத்தியநாதன் லண்டனுக்குக் கூப்பிட்டார். மத்தியானம் கார் நிறுத்துமிடத்தில் டிக்கெட் கிழித்த பெண்ணுக்கு விலாசம் எழுதிக் கொடுத்தார். பாறை உச்சியில் தவமலர் சாப்பிடக் கொண்டுவந்த றோல்ஸ் பொதியை அவிழ்த்துப் பிளாஸ்க்கைத் திறந்தபோது, அவர் தூரத்தில் யாரோ ஜெர்மன்காரருக்குப் படம் எடுத்துக்கொண்டு நின்றார். தேத்தண்ணி ஆறிப்போனது. தவமலருக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னேரம் புறப்படும்போது அவர் கடலைப் பார்த்து, "நல்ல சந்தோசம். ஒருக்கா எங்கட வீட்டையும் வரவேணும்" என்றார்.

"கடலையுமே கூப்பிடுறியள்? உங்களோட ஏலாதப்பா!"

"சும்மா ஒரு மரியாதைக்குத்தானே மலர்."

வீடு திரும்பி மூன்றாம் நாள் கடல் கதவுக்கடியால் வந்தது. புதுக் கார்ப்பெட் நாசம். படுத்திருந்தவர்கள் நனைந்த போர்வையோடு எழும்பி, ஒருவர் கோலியர்ஸ் வுட்டில் மச்சான் இருக்கிறான் என்றார், மற்றவர்களுக்கும் அவசரமாக உறவினர்கள் ஞாபகம் வந்தார்கள். தவமலர் காலையும் மாலையும் திட்டித் திட்டித் துடைத்தாள். தண்ணீர் எப்போது வடியும் என்று பார்த்திருக்க வேண்டியிருந்ததால், இருவரும் நாலாம் படியில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருப்பார்கள். கடல் வடியும்போது வைத்தியநாதன் வழக்கம்போல "போட்டு வாங்கோ" என்று வழியனுப்புவார். தவமலர் ஒருநாளும் சொன்னதில்லை. "போனாச் சரி" என்று முணுமுணுப்பாள். இப்படி எட்டு வருடம்.

1996 ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலைக் காணவில்லை. மத்தியானத்துக்குள் வைத்தியநாதன் வட லண்டன் எட்மண்டனுக்குப் போன் எடுத்து, வீடு காய்ந்துவிட்டது, குடும்பத்தோடு வரவேணும் என்று பழைய சிநேகிதர் ஆனந்தராஜாவிடம் சொல்லிவிட்டார். பின்னேரமே அவர்களின் வான் வண்டி வந்து நின்றது. பதினொரு பேர், இரண்டு கிழமை தங்குவதற்கு. தவமலர் விளக்குமாற்றைப் பிடித்தபடி கதவடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பதினொரு பேரும் காலுறையோடு உள்ளே வந்து இருந்த பிறகுதான் தண்ணீர் வந்தது.

"இன்னொரு நாளைக்கு வாறம் அண்ணை" என்று ஆனந்தராஜா காலுறையைப் பிழிந்தார். வான் திரும்பிப் போனது.

இருவரும் நாலாம் படியில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். சூடாகவே இருந்தது. தண்ணீர் கதவுக்கடியால் இறங்கத் தொடங்கியதும், வைத்தியநாதன் வாய் திறக்குமுன் தவமலர் எழும்பினாள்.

"போட்டு வாங்கோ," என்றாள். "நாளைக்குப் பிந்தாதேங்கோ."