இலவச வக்கீல்

நீதிமன்ற வளாகத்து டீக்கடையைப் பார்த்ததும் தையல்காரி நடப்பதை நிறுத்திவிட்டாள். சட்ட உதவி மையம் அவளுக்காக அமர்த்தியிருந்த வக்கீலம்மா, எதிர்த்தரப்பு வக்கீலோடு நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

கணவன் இறந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருந்தார் அவனுடைய அண்ணன். அப்பா கட்டிய வீட்டில் தம்பிக்குப் பங்கே கிடையாது என்பது அவர் கட்சி. தீர்ப்பு வரும்வரை பொறுக்கவும் மனமில்லை. போன வாரம் அவளுடைய தையல் மெஷினைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டார். தடை உத்தரவு கேட்கத்தான் இன்று வந்திருந்தாள்.

"காசு வாங்காத வக்கீலு உனக்காகவா மல்லுக்கட்டப் போறா?" என்று அக்கா காலையில் கேட்டது காதை விட்டுப் போகவில்லை.

கணவனின் அண்ணனான மூத்தாருக்கு அவள் முகத்தில் தெரிந்த சந்தேகமே போதுமாயிருந்தது. ஒரு தாளோடு பக்கத்தில் வந்தார்.

"கோர்ட்டுப்படி ஏறி என்னம்மா கண்டே? இதுல கையெழுத்துப் போடு. மூணு மாசத்துல காலி பண்ணிடு. நானும் கேஸை வாபஸ் வாங்கிடறேன்."

பேனாவையும் நீட்டினார். அவள் கை தன்னையறியாமல் எழுந்தது. மூன்று மாதமாவது நிச்சயம். ஆனால் அதற்கப்புறம் மகளோடு எங்கே போவது? கையை இழுத்துக்கொண்டு நேராக டீக்கடைக்கு நடந்தாள்.

"மேடம், நீங்க யார் பக்கம்?"

வக்கீலம்மாவின் சிரிப்பு நின்றது. கோபப்படுவாளோ என்று நினைத்தாலும் தையல்காரி நகரவில்லை.

"உங்க பக்கம்தான். அவரும் நானும் ஒண்ணாப் படிச்சவங்க. டீ குடிப்போம், உள்ள போனா விட்டுக்குடுக்க மாட்டேன். கையெழுத்து ஏதும் போட்டுடலையே?"

"இல்ல."

"நல்ல காரியம் பண்ணீங்க."

வழக்கைக் கூப்பிட்டதும் அவள் வக்கீலம்மாவின் பின்னால் போய் நின்றாள். எதிர்த்தரப்பு வக்கீல் பங்கு இல்லை என்பதையே சுற்றிச் சுற்றிச் சொன்னார். வக்கீலம்மா நீதிபதியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "பங்கு யாருக்குன்னு நீங்க முடிவு பண்றதுக்குள்ள, இவங்க மெஷினைத் தெருவுல வைக்க அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?"

நீதிபதி மூத்தாரைப் பார்த்தார். மூத்தார் தன் வக்கீலைப் பார்த்தார். வழக்கு முடியும்வரை அவளை வெளியேற்றக் கூடாது என்று உத்தரவானது.

வெளியே வந்ததும் தையல்காரி வக்கீலம்மாவை நிறுத்திக் கேட்டாள்.

"அடுத்த வாய்தாவுக்கும் நீங்கதானே வருவீங்க? வேற யாரையும் மாத்திட மாட்டாங்களே?"

"நான்தான் வருவேன். நீங்க நேரத்துக்கு வந்துடுங்க."

அவள் தலையாட்டினாள். படியிறங்கியவள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.